ஓட்டக் கற்றுக்கொள்வோம், வாங்குவதை யோசிப்போம்

(முட்டுக்காட்டில் நடந்த இளைஞர் படிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்ன தலைப்பில் பேசட்டும் என்று கேட்டேன். "அக்கா, நீங்க கார் ஓட்டக் கத்துக்கிட்டீங்கல்ல, அதைப் பத்தியே பேசுங்க" என்றார்கள். முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவளிடம் இதைக் கேட்கிறார்களே என்று முதலில் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால், நம் தெருவில் இன்று அதிகம் பேசப்படுகிற கேள்வி இதுதான். ஒரு தம்பி, கடன் போட்டு செகண்ட் ஹேண்ட் கார் எடுக்கலாமா என்று போன வாரம் கேட்டார். ஒரு தங்கை, "பொண்ணுங்களுக்குத்தான் பஸ் ஃப்ரீயாச்சே, உனக்கு எதுக்கு டிரைவிங்" என்று வீட்டில் மறுக்கிறார்கள் என்றார்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமா என்பது ஒன்று. கார் வாங்க வேண்டுமா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். கார் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளை, நமக்கு எதற்கு என்று கற்றுக்கொள்ளாமலே இருந்துவிடுகிறது. கற்றுக்கொண்ட பிள்ளை, கற்றது வீணாகக் கூடாதே என்று கடன் வாங்குகிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொள்வது அவசியம், அதிலும் பெண்கள் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். வாங்குவதற்கு முன் பத்து முறை யோசிக்க வேண்டும். ஏன் என்று வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன்.

அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கை நிகழ்ச்சிகள் சிலவற்றை எழுதி வைத்திருக்கிறார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற பெயரில் தமிழிலும் பலர் படித்திருப்பீர்கள். அதில் இரண்டு நிகழ்ச்சிகள் வண்டி பற்றியவை.

முதலாவது 1901 இல் நடந்தது. அவர் அப்போது சிறுவன். கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க, அண்ணனோடும் அக்காவின் பிள்ளைகளோடும் ரயிலில் போகிறார். மசூர் நிலையத்தில் இறங்கினால் அழைத்துப்போக யாரும் வரவில்லை. பிள்ளைகள் மகர் சாதி என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர்கள் யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒருவர் ஒத்துக்கொள்கிறார். வாடகை இரட்டிப்பு. வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார். அதாவது பணம் தீட்டில்லை, வண்டியை ஓட்டிக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்து வருவதுதான் தீட்டு. வழியில் இரவு தங்கியது ஒரு சுங்கச்சாவடியில். அங்கே குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

இரண்டாவது 1929 அக்டோபர் 23 இல், சாலிஸ்காவில். அப்போது அவர் பாரிஸ்டர், பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினர். ரயில் நிலையத்துக்கு வந்த நம் மக்கள், ஒரு இரவு எங்களோடு தங்கிப் போங்கள் என்று கேட்கிறார்கள். குடியிருப்பு இரண்டு மைல் தள்ளி, ஆற்றைக் கடந்து இருக்கிறது. அவரை நடக்க வைப்பது அவருக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்துக் குதிரை வண்டி தேடுகிறார்கள். எந்த வண்டிக்காரரும் ஓட்ட வரவில்லை. வண்டியை வாடகைக்குத் தருகிறோம், ஆனால் ஓட்டமாட்டோம் என்கிறார்கள். கடைசியில் நம் ஆள் ஒருவரே ஓட்டுகிறார். அவர் அதற்குமுன் வண்டி ஓட்டியதில்லை. பாலத்தின் மேல் சக்கரம் கல்லில் மாட்டி வண்டி சாய்கிறது. அம்பேத்கர் தூக்கி எறியப்படுகிறார். கால் எலும்பு முறிகிறது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுகின்றன.

இதைப் படிக்கிறவர்கள் பொதுவாக ஒன்றைச் சொல்வார்கள்: பாரிஸ்டராகவே இருந்தாலும் குதிரை வண்டிக்காரன்கூட அவரைக் கீழாகத்தான் நினைத்தான் என்று. சரிதான், அம்பேத்கரே அதைச் சொல்கிறார். நான் வண்டி ஓட்டிய அந்த மனிதரைப் பற்றி யோசிக்கிறேன். அவருக்கு ஏன் ஓட்டத் தெரியவில்லை? அந்தத் தொழில் அவருக்கு அடைக்கப்பட்டிருந்தது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. வண்டி கிடைத்தது, வாடகைக்குப் பணம் இருந்தது, அழைத்துப்போக அன்பு இருந்தது. ஓட்டத் தெரிந்த கை மட்டும் அன்று நம்மிடம் இல்லை. அதற்கு விலையாக நம் தலைவர் உயிரே போயிருக்கும்.

ஆகவே ஓட்டக் கற்றுக்கொள்வதைப் பொழுதுபோக்கு என்றோ நடுத்தர வர்க்க ஆசை என்றோ யாராவது சொன்னால், சாலிஸ்காவ் பாலத்தை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1893 இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கி, புலையர்கள் நடக்கவே கூடாத பொதுவழியில் ஓட்டிப்போனார். வழிமறித்தார்கள், அவர் திரும்பவில்லை. 1924 இல் சென்னை சட்டமன்றத்தில், பொதுச் சாலைகளும் தெருக்களும் கிணறுகளும் எல்லாருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்தவர் ரெட்டமலை சீனிவாசன். அவர் நம் செங்கல்பட்டு மாவட்டத்து மண்ணில், மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். சாலையில் நடப்பதற்கே தீர்மானம் போட வேண்டியிருந்த நாட்டில்தான் நாம் கார் வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

அதெல்லாம் பழைய கதை என்று சொல்லிவிட முடியாது. செருப்பு போட்டு ஊர்த்தெருவில் நடக்கக் கூடாது, சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற வழக்கத்தை நம் தாத்தா பாட்டிகளே சொல்லியிருப்பார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதற்காக வெட்டினார்கள் என்று குடும்பத்தார் புகார் சொன்னார்கள். எந்தக் கை ஆக்சிலேட்டரை முறுக்குகிறதோ அந்தக் கையை வெட்டுகிறார்கள். வண்டி நம் நாட்டில் வெறும் இரும்பு அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இப்போது பெண்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பத்திரிகையாளர் சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். எல்லாரிடமும் சொந்த சைக்கிள் இருந்ததா? இல்லை. வாடகைக்கு எடுத்தார்கள், இரவல் வாங்கினார்கள், பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். அந்த இயக்கம் முதலில் கற்றுக்கொடுத்தது, வண்டி பிறகு வந்தது. நான் சொல்ல வருகிற வரிசையும் அதுதான்.

அடுத்து, நம் வீட்டுக் கணக்கு.

என் அப்பா இருபத்தைந்து ஆண்டுகள் டிரைவர். கடற்கரையோர பங்களா ஒன்றில் வேலை. கழுவுவது, துடைப்பது, ஓட்டுவது எல்லாம் அவர்தான். ஐந்து கார்கள் மாறின, ஒன்றின் பின்சீட்டிலும் அவர் உட்கார்ந்ததில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி, ஞாயிறு போகிற கார்களைப் பாருங்கள். பழைய மாமல்லபுரம் சாலையில் இரவுப் பணிக்கு ஆள் ஏற்றி வருகிற கேப்களைப் பாருங்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற கைகளில் எத்தனை நம் கைகள்! காரைச் செய்கிற கைகளும் நம் மாவட்டத்துக் கைகள்தான். மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022 இல் உற்பத்தியை நிறுத்தியபோது தெருவுக்கு வந்த குடும்பங்களை நமக்குத் தெரியும். நாம் செய்கிறோம், நாம் ஓட்டுகிறோம், நாம் கழுவுகிறோம். ஆர்.சி. புக்கில் பெயர் மட்டும் வேறு.

போன ஆண்டு, நிலுவையில் இருந்த என் ஆய்வு உதவித்தொகை மொத்தமாக வந்தது. பழைய கடன்களைக் கட்டியது போக ஒரு லட்சத்து இருபதாயிரம் மிஞ்சியது. அப்பா சொன்னார், "ஒரு கார் எடுத்துடு பாப்பா. நம்ம தெருவுல நம்மளுதா ஒண்ணு நிக்கட்டும்." அம்மா சொன்னார், "மழை வந்தா ஒழுகுது, முதல்ல தளம் போடு. வீட்டு மனைக்குப் பட்டா வாங்குற வேலையைப் பாரு." இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

செகண்ட் ஹேண்ட் சின்ன கார், மூன்று லட்சத்து இருபதாயிரம். கையில் இருப்பது போக இரண்டு லட்சம் கடன். நான்கு ஆண்டுகளுக்கு மாத டியூ ஏறத்தாழ 5,400 ரூபாய். காப்பீடு மாதத்துக்குப் பிரித்தால் 750. சர்வீஸ், டயர் எல்லாம் சேர்த்து 1,250. பல்கலைக்கழகத்துக்கு ஒரு வழி 30 கிலோமீட்டர், மாதம் 16 நாள் போய்வந்தால் 960 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் 60 லிட்டர், பெட்ரோலுக்கு 6,000. மொத்தம் 13,400. உத்தண்டி சுங்கமும் பார்க்கிங்கும் தனி. என் உதவித்தொகை 42,000 ரூபாய். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காருக்கே போகும். உதவித்தொகை மாதா மாதம் ஒழுங்காக வராது, ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததும் நின்றுவிடும். டியூ அப்படி நிற்காது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருந்து போய்ச்சேர எனக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. காரில் ஒரு மணி நேரம் குறையும். ஒரு நாளைக்கு இரண்டு மணி என்றால் மாதம் 32 மணி நேரம். ஒரு ஆய்வாளருக்கு அது ஒரு அத்தியாயத்தின் பாதி. அம்மாவுக்கு மூச்சுத்திணறல் உண்டு. நள்ளிரவில் கூப்பிட்டால் 108 வந்துவிடுகிறது, அதில் குறையே சொல்லமாட்டேன். ஆனால் ஊசி போட்டு, "வீட்டுக்குக் கூட்டிப் போங்க" என்று இரவு இரண்டு மணிக்கு அனுப்பிவிட்டால் எதில் திரும்புவது? ஆட்டோவுக்குப் போன் போட்டால், எந்த இடம் என்று கேட்டுவிட்டு, நம் குடியிருப்பின் பெயரைச் சொன்னதும் "மெயின் ரோட்டுலயே இறக்கிடுவேன்" என்று சொல்கிறவர்கள் உண்டு. மசூர் வண்டிக்காரரின் பேரப்பிள்ளைகள் ஆட்டோவும் ஓட்டுகிறார்கள்.

ஆக, பணக் கணக்கில் கார் தோற்கிறது. நேரக் கணக்கில் கார் ஜெயிக்கிறது. நள்ளிரவுக் கணக்கில் சொந்தக் கார் வேண்டுமென்பதில்லை. ஒரு வண்டி கிடைக்க வேண்டும், ஓட்டத் தெரிந்த ஒரு ஆள் விழித்திருக்க வேண்டும். இந்தக் கடைசிக் கணக்கைத்தான் நாம் யாரும் போடுவதில்லை.

சுயமரியாதைக் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. நம் தெருவில் ஒரு கார் நின்றால் அப்பாவின் முதுகு நிமிரும். அதை நான் கேலி செய்யமாட்டேன். வில்வண்டியில் அய்யன்காளி போனதும் அந்த நிமிர்வுக்காகத்தான். ஆனால் அய்யன்காளி போனது அடைக்கப்பட்ட வழியில், எல்லாருக்குமாக. நாம் வாங்கும் கார் வழியைத் திறக்கிறதா, இல்லை நம்மை மட்டும் கண்ணாடிக்குள் வைத்துக் கொண்டுபோகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொருள் சேர்த்தால் சாதி விலகிவிடும் என்றும் நம்ப முடியாது. 1995 ஆகஸ்ட் 31 இல் கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்தபோது எதையெல்லாம் உடைத்தார்கள் என்று படியுங்கள். தொலைக்காட்சி, மின்விசிறி, தையல் இயந்திரம், மிதிவண்டி, டிராக்டர். படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டுகளையும் கொளுத்தினார்கள். வெளிநாட்டில் உழைத்து முன்னேறிய ஊர் அது. அந்த முன்னேற்றம்தான் குறிவைக்கப்பட்டது. 2015 இல் கோகுல்ராஜ் திருச்செங்கோட்டில் ஒரு காரில்தான் கடத்திச் செல்லப்பட்டார். கார் யார் கையில் இருக்கிறதோ அவர்களின் புத்திப்படிதான் ஓடும். பின்கண்ணாடியில் சாதிப் பெயரைப் பெரிதாக ஒட்டிக்கொண்டு நம் சாலையில் பறக்கிற வண்டிகளைப் பார்க்கிறோமே.

அப்படியானால் பஸ் புனிதமானதா? அதுவும் இல்லை. 1997 இல் விருதுநகரை மையமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். தலித் தலைவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டது. அதே 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டது பயணம் செய்துகொண்டிருந்த பஸ்ஸை மறித்துத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் பஸ்ஸின் பக்கம் நிற்கிறேன். ஏனென்றால் பஸ் நம் உரிமை, பொதுச் சொத்து. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று சாதி தீர்மானிக்க முடியாத இடமாக அதைப் போராடி ஆக்கியிருக்கிறோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்த ஒரு உத்தரவால் கோவளத்திலிருந்தும் கேளம்பாக்கத்திலிருந்தும் வீட்டு வேலைக்குப் போகும் எத்தனை அக்காக்கள் கையில் மாதம் சில நூறு ரூபாய் மிஞ்சுகிறது என்று அவர்களிடமே கேளுங்கள். முட்டுக்காட்டில்தான் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வருகிற தாய்மார்கள் உயரமான படிக்கட்டில் ஏற முடியாமல் தவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடியதால் 2024 இல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் வரத் தொடங்கின. அந்தப் பேருந்து எல்லா நேரத்திலும் இந்தச் சாலைக்கு வர வேண்டும் என்று கேட்பது யார்? பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள்தான் கேட்பார்கள். குரல் கொடுக்கத் தெரிந்த, படித்த நாம் எல்லாரும் காருக்குப் போய்விட்டால் ஸ்டாப்பில் நிற்பவர்களின் குரல் இன்னும் மெலிந்துபோகும். காரின் பெரிய ஆபத்து எனக்கு இதுதான்.

உயிர் ஆபத்தும் உண்டு. 2022 இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்பது ஒன்றிய அரசின் கணக்கு. அதில் ஏறத்தாழ 44 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19 சதவீதத்துக்கு மேல் நடந்து போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம். இந்தச் சாலையைக் கடக்கும்போது இறந்தவர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். சாலை அகலமானது காருக்காக. கடப்பதற்கு வழி கேட்டுப் போராடுவது நம் வேலையாக இருக்கிறது.

இந்தச் சாலை நிலத்தை என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1891 இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். அதன் விளைவுதான் பஞ்சமி நிலம். 1994 அக்டோபர் 10 இல் காரணை பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். சாலை வந்தது, மனை விலை ஏறியது, பங்களாக்களும் ரிசார்ட்டுகளும் வந்தன. அவற்றுக்கு வாசலில் நின்று கதவு திறக்கிறோம், வண்டி ஓட்டுகிறோம். கார் வாங்கிய அன்றிலிருந்து விலை இறங்கும். நிலம் அப்படியல்ல. அம்மா பட்டா கேட்டது இந்த மாவட்டத்தின் நூறு ஆண்டு அரசியலைத் தெரிந்து கேட்டது மாதிரி இருந்தது. அந்த ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் வீட்டுக்குத் தளம் போட்டோம். பட்டாவுக்கு மனு கொடுத்து நடந்துகொண்டிருக்கிறோம். அப்பாவுக்கு வருத்தம்தான். இன்னும் முழுதாக ஆறவில்லை.

ஆனால் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். முதல் நாளே பயிற்றுநர், "எந்த ஏரியா? அப்பா என்ன செய்றார்?" என்று கேட்டார். பெண் என்பதால் கிளட்சையும் பிரேக்கையும் தன் காலிலேயே வைத்துக்கொண்டு என்னை ஸ்டியரிங்கை மட்டும் பிடிக்க வைத்தார். பணம் கட்டியது உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவா என்று மூன்றாவது நாள் கேட்டேன். பிறகு கொடுத்தார். மிச்சத்தை அப்பா கற்றுக்கொடுத்தார். மேட்டில் நிறுத்தி, ஹாஃப் கிளட்சில் வண்டி பின்னால் நகராமல் எடுப்பது எப்படி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு வகுப்பு. இருபத்தைந்து ஆண்டுகள் மற்றவர்களுக்கு ஓட்டிய அறிவு அது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடமாக இல்லாத அந்த அறிவை ஒரு மகளுக்குக் கொடுத்தபோது அவர் முகத்தில் நான் பார்த்த பெருமை, கார் நின்றிருந்தாலும் வந்திருக்குமா என்று தெரியவில்லை.

உரிமம் கையில் இருப்பது வேலைவாய்ப்பும்கூட. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை, சாதாரண எல்.எம்.வி. உரிமம் உள்ளவர் வாடகை வண்டியாகவும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 இல் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. முன்பு வாடகை வண்டி ஓட்ட எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று விதி இருந்தது. பள்ளியை விட்டு நின்ற நம் அண்ணன்கள் எத்தனை பேரை அது வெளியே நிறுத்தியது! 2019 இல் அந்த விதி நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் பலருக்கு இது தெரியவில்லை. போய்ச் சொல்லுங்கள்.

அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தியைச் சொல்லி முடிவுக்கு வருகிறேன். 1955 டிசம்பரில் மாண்ட்காமரி நகரத்துக் கறுப்பின மக்கள், நிறவெறி காட்டும் பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். 381 நாள் ஏறவில்லை. வேலைக்கு எப்படிப் போனார்கள்? பலர் நடந்தார்கள். கார் வைத்திருந்தவர்கள் காரைக் கொடுத்தார்கள். ஏறத்தாழ முந்நூறு வண்டிகள், எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று பட்டியல் போட்டு ஓடின. தேவாலயங்கள் பெரிய வண்டிகள் வாங்கி விட்டன. மக்கள் அவற்றை உருளும் தேவாலயங்கள் என்று அழைத்தார்கள். உள்ளூர்க் காப்பீட்டு நிறுவனங்கள் காப்பீட்டை ரத்து செய்தபோது லண்டனிலிருந்து காப்பீடு வாங்கினார்கள். 25 மைல் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 30 மைலில் போனார் என்று மார்ட்டின் லூதர் கிங்கைக் கைது செய்தார்கள். சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் அதைப் பொதுக் காராக மாற்றியதால்தான் பொதுப் பேருந்தில் சம உரிமை கிடைத்தது. காரையும் பஸ்ஸையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை என்பதை அந்த மக்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

அதனால் இந்தப் படிப்பு வட்டத்துக்கு நான்கு யோசனைகள் சொல்கிறேன்.

ஒன்று, பதினெட்டு வயது நிரம்பிய எல்லாரும் எல்.எல்.ஆர். போடுங்கள். அது ஆறு மாதம் செல்லும், முப்பது நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம். முதல் குழுவில் பாதிக்குப் பாதி பெண்கள் இருக்க வேண்டும். தெருவில் இருக்கிற ஆக்டிங் டிரைவர் அண்ணன்கள், ஓய்வு பெற்ற என் அப்பா போன்றவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். அவர்களை ஆசிரியர்கள் என்று மேடையேற்றி அழையுங்கள்.

இரண்டு, கார் எடுக்க நினைக்கும் தம்பி, அதை வேலையாகவே எடுங்கள். தாட்கோ மானியக் கடன் பற்றி விசாரித்து, மஞ்சள் போர்டு வண்டியாக, முறையான பெர்மிட்டோடு எடுங்கள். வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விட்டால் சட்டச் சிக்கல் வரும், விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிடும். நம் வண்டியை நிறுத்திச் சோதிக்கும்போது ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று எல்லாம் சரியாக இருக்க வேண்டும். கிங்கையே ஐந்து மைலுக்குப் பிடித்தார்கள்.

மூன்று, தெருவில் ஏற்கெனவே இருக்கிற வண்டிகளுக்கும் ஓட்டத் தெரிந்தவர்களுக்கும் ஒரு இரவுப் பட்டியல் போடுவோம். எந்த நாள் யார் விழித்திருப்பது என்று எழுதி ஒட்டுவோம். மருத்துவமனைக்கும் பிரசவத்துக்கும் காசு வாங்காமல் போவோம், டீசல் செலவைப் பொதுவில் பார்த்துக்கொள்வோம். எந்த வீட்டு அம்மாவும் நள்ளிரவில் மெயின் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டியிருக்கக் கூடாது.

நான்கு, பஸ்ஸை விடக் கூடாது. இரவு கடைசிப் பேருந்தின் நேரம், நம் நிறுத்தத்தில் நிற்காமல் போகும் பேருந்துகள், தாழ்தளப் பேருந்து, சாலையைக் கடக்கப் பாதை. நான்கையும் ஒரே மனுவாக எழுதி, கையெழுத்து வாங்கி, மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுப்போம். கார் ஓட்டத் தெரிந்தவர்களின் கையெழுத்து அந்த மனுவில் முதலில் இருக்கட்டும்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாருங்கள், நோட்டு கொண்டுவந்திருக்கிறேன். தங்கைகள் முதலில் எழுதுங்கள்.